முற்றத்துக்கு வந்த பள்ளி: அங்கன்வாடி எங்கே பிறந்தது, அதை இடம் மாற்றினால் என்ன ஆகும்

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து சில வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டன. அங்கன்வாடி மையங்களை, முடிந்த இடங்களில், பக்கத்துத் தொடக்கப் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவருவது எப்படி என்று அவை சொல்கின்றன. இந்தச் செய்தி வந்ததும் பெற்றோர் பலருக்குக் குழப்பம். அங்கன்வாடியை மூடப் போகிறார்களா? அது பள்ளியாக மாறிவிடுமா? அப்படியானால் எல்கேஜி, யுகேஜி என்ன ஆகும்? எங்கள் ஊரில் ஒரு அறக்கட்டளை நடத்தும் பால்வாடி இருக்கிறதே, அது எதில் சேர்த்தி?

அரசாணைகளை மட்டும் படித்தால் இதற்கெல்லாம் பதில் கிடைக்காது. காரணம், அங்கன்வாடி அரசு அலுவலகத்தில் உருவான திட்டம் அல்ல. 1945ல் மகாராஷ்டிரத்தின் போர்டி என்ற கடலோரக் கிராமத்தில், இலாப நோக்கற்ற ஒரு கல்விச் சங்கம் திறந்த சிறுவர் மையத்தில் பிறந்த யோசனை அது. அங்கே எந்தச் சிக்கலைத் தீர்க்க அதைக் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்துகொண்டால், இன்றைய மாற்றத்தில் எது லாபம், எது நட்டம் என்று நாமே கணக்குப் பார்க்க முடியும்.

## முதலில் சொற்கள்

1. முன்பருவக் கல்வி: ஒன்றாம் வகுப்புக்கு முன், சுமார் 3 வயதிலிருந்து 6 வயது வரை பிள்ளைகள் பெறும் கல்வி. எழுத்துப் பயிற்சி இதில் கடைசியில்தான் வரும். பேசுவது, கதை கேட்பது, பாடுவது, பொருள்களை வகைபிரித்து அடுக்குவது, கைவிரல்களுக்கு வேலை கொடுப்பது, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து இருக்கப் பழகுவது ஆகியவைதான் இதன் பாடங்கள்.

2. பால்வாடி: ‘பால’ என்றால் குழந்தை, ‘வாடி’ என்றால் தோட்டம் அல்லது வேலியடைத்த வளவு. தமிழ்க் காதுக்கு இந்தச் சொல் பாலோடு சேர்ந்தே கேட்கும். ஆனால் பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

3. எல்கேஜி, யுகேஜி: இவற்றில் வரும் ‘கேஜி’ ஜெர்மானியச் சொல்லான கிண்டர்கார்ட்டனின் சுருக்கம். 1840ல் பிரீட்ரிக் ஃப்ரோபெல் தன் சிறுவர் மையத்துக்கு இட்ட பெயர் அது. பொருள், குழந்தைகள் தோட்டம். அதாவது பால்வாடி, கேஜி இரண்டும் ஒரே பொருள்தான். ஒன்று ஏழை வீட்டுச் சொல்லாகவும் இன்னொன்று வசதியான வீட்டுச் சொல்லாகவும் ஆனது பின்னால் நடந்தது.

4. அங்கன்வாடி: ‘அங்கன்’ என்றால் முற்றம். முற்றத்தில் நடக்கும் பால்வாடி.

5. குழந்தைகள் காப்பகம்: 3 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைத் தாய் வேலைக்குப் போகும் நேரம் முழுவதும் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கன்வாடி பெரும்பாலான ஊர்களில் இந்த வேலையைச் செய்வதில்லை. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

6. இலாப நோக்கற்ற அமைப்பு: அறக்கட்டளை, பதிவு பெற்ற சங்கம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவான நிறுவனம் ஆகிய மூன்று வடிவங்களில் இது இருக்கும். கட்டணமே வாங்கக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. மிச்சப்படும் பணத்தை நடத்துபவர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, மையத்துக்கே திருப்பிச் செலவிட வேண்டும் என்பதுதான் விதி.

## போர்டியில் என்ன நடந்தது

தாராபாய் மோடக் 1892ல் பம்பாயில் பிறந்தவர். 1914ல் பட்டம் பெற்றார். ராஜ்கோட்டில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். அந்த வேலையை விட்டுவிட்டு 1923ல் பவநகருக்குப் போனார். அங்கே கிஜுபாய் பதேகா என்ற வழக்கறிஞர், தொழிலை விட்டுவிட்டு, 1920லேயே தட்சிணாமூர்த்தி பால மந்திர் என்ற சிறுவர் பள்ளியைத் தொடங்கியிருந்தார். பிள்ளைகள் கருவிகளைக் கையாண்டு தாமே கற்கும் முறையை இத்தாலியரான மரியா மாண்டிசோரி உருவாக்கியிருந்தார். இருவரும் அதை இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றிப் பார்த்தார்கள். 1926ல் நூதன் பால சிக்ஷண் சங்கம் உருவானது.

மாண்டிசோரி முறை இன்று வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கல்வி என்றுதான் நினைக்கப்படுகிறது. ஆனால் அது 1907ல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் பிறந்தது. மாண்டிசோரி அம்மையாரே 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார், அதில் ஒரு பகுதி கொடைக்கானலில். முறை ஏழைகளிடம் பிறந்தாலும் அதற்கான மரக்கட்டைகள், உருளைகள், சட்டங்கள் எல்லாம் அளவு பிசகாமல் செய்யப்பட்டவை, விலை அதிகம். அவற்றை வாங்க முடிந்த பள்ளிகள் நகரத்தில் இருந்தன. தாராபாயும் 1936ல் பம்பாய் தாதரில் சிசு விகார் பள்ளியைத் தொடங்கினார். பெரும்பாலான பிள்ளைகளோ கிராமத்தில் இருந்தார்கள்.

1945 டிசம்பரில் அவர் போர்டி கிராமத்தில் கிராம பால சிக்ஷா கேந்திரத்தைத் திறந்தார். துணைக்கு வந்தவர் அனுதாய் வாக். 13 வயதில் திருமணமாகி, சில மாதங்களிலேயே கணவரை இழந்து, பிறகு படித்து ஆசிரியரானவர். அப்போது அவருக்கு 35 வயது. 1992ல் இறக்கும் வரை இந்த வேலையை விடவில்லை.

மையம் திறந்தவுடன் அவர்கள் சந்தித்த சிக்கல் எளிமையானது. ஊர் ஓரத்துக் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகள் வரவில்லை. கட்டடம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், கட்டணம் கேட்கவில்லை, ஆனாலும் வரவில்லை. ஏன் என்பதற்கு எந்தக் கிராமத்திலும் கிடைக்கும் காரணங்கள்தான்:

1. அம்மா விடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறாள். 3 வயதுப் பிள்ளை தனியாக நடந்து வராது, கூட்டிவர ஆள் இல்லை.

2. அக்கா 7 வயதுக்காரி. அவள் இடுப்பில் 1 வயதுத் தம்பி. தம்பியை விட்டுவிட்டு வர முடியாது.

3. குளிப்பாட்ட, தலைவாரிவிட வீட்டில் ஆள் இல்லை. மற்றப் பிள்ளைகள் நடுவே இப்படி உட்காரப் பிள்ளைக்கே கூச்சம்.

4. தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புக்கும் ஊர் நடுவுக்கும் இடையில் இருப்பது வெறும் தூரம் இல்லை. அந்தத் தெருவைத் தாண்டி நடப்பது பெரியவர்களுக்கே கஷ்டம்.

பிள்ளை வராவிட்டால் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவது பள்ளிகளின் வழக்கம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. பள்ளியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடியிருப்புக்கே போனார்கள். ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தைப் பெருக்கி, பிள்ளைகளைக் கழுவித் துடைத்து உட்காரவைத்து அங்கேயே பாடம் நடத்தினார்கள். அங்கன்வாடி என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

முற்றத்தில் நடத்துவது வகுப்பறையில் நடத்துவதைவிடக் கடினம். வெயில், மழை, கோழி, ஆடு. பாதியில் யாராவது பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடலாம். ஆனால் வகுப்பறையில் கிடைக்காத ஒன்று முற்றத்தில் கிடைத்தது. தாயும் பாட்டியும் அண்டை வீட்டாரும் எல்லாவற்றையும் பார்த்தார்கள். பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள், அடிக்காமல் எப்படி அடக்குகிறார்கள் என்று பார்த்தார்கள். அதாவது அந்த வகுப்பு பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் நடந்தது.

விலை கூடிய கருவிகளுக்குப் பதிலாக விதை, கிளிஞ்சல், கூழாங்கல், இலை, களிமண். எண்ணவும் வகைபிரிக்கவும் பெரிது சிறிது பார்க்கவும் இவை போதும் என்று நடைமுறையில் காட்டினார்கள். மாண்டிசோரியின் கொள்கையை வைத்துக்கொண்டு அதன் விலையைக் கழித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். என் பார்வையில் இந்திய முன்பருவக் கல்வியில் நடந்த ஆகப் பெரிய வேலை இதுதான்.

## கோஸ்பாட் மலை: இன்னும் ஒரு படி

1950களின் பிற்பகுதியில் மையம் பக்கத்திலுள்ள கோஸ்பாட் மலைக்கு மாறியது. அப்போதைய தானே மாவட்டம், இன்றைய பால்கர் மாவட்டத்தின் டஹாணு வட்டம். அங்கே இருந்தவர்கள் வார்லி பழங்குடிகள். இங்கே முற்றம்கூடப் போதவில்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விடுவார்கள். சரி, ஆசிரியர்கள் மேய்ச்சல் நிலத்துக்குப் போனார்கள். மாடு மேய்கிற இடத்திலேயே வகுப்பு. இதற்குக் ‘குரண்சாலை’ என்று பெயர். மராத்தியில் ‘குரண்’ என்றால் மேய்ச்சல் புல்வெளி.

இரண்டாவது மாற்றம் மொழி. வார்லிப் பிள்ளை வீட்டில் பேசுவது பாடநூல் மராத்தி இல்லை. அதன் பேச்சிலேயே தொடங்கி, மெல்ல மராத்திக்கு அழைத்துவந்தார்கள். பள்ளியில் முதல் நாளே புரியாத மொழியைக் கேட்கும் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். 4 வயதில் மூடிய வாயை 8 வயதில் திறக்கவைப்பது பெரும்பாடு.

மூன்றாவது மாற்றத்தை ‘விகாஸ்வாடி’ என்றார்கள். கைக்குழந்தைக் காப்பகம், பால்வாடி, தொடக்கப் பள்ளி மூன்றும் ஒரே வளாகத்தில். அக்கா வகுப்பில் உட்கார வேண்டுமானால் தம்பிக்குப் பக்கத்திலேயே தொட்டில் வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. 2025ன் வழிகாட்டு நெறிமுறைகளில் பாதி யோசனை கோஸ்பாடில் அப்போதே நடைமுறையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். விட்டுப்போன மறுபாதி எது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தாராபாய்க்கு 1962ல் பத்ம பூஷண், அனுதாய்க்கு 1984ல் பத்மஸ்ரீ. பெரிய அங்கீகாரம் என்னவோ அந்தப் பெயர் நாடு முழுவதும் போனதுதான்.

## ஒரு கிராமத்து மையம் கட்டணத்தில் ஏன் நடக்காது

இவ்வளவு நல்ல முறை என்றால் இப்படிப்பட்ட தொண்டு மையங்கள் ஏன் ஊருக்கு ஊர் வரவில்லை? காரணம் பணக் கணக்கு. ஒரு கற்பனை மையத்தை வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

1. 25 பிள்ளைகள், ஒரு ஆசிரியர், ஒரு ஆயா என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியருக்கு மாதம் 12,000 ரூபாய், ஆயாவுக்கு 8,000 ரூபாய். கூடுதல் என்று யாரும் சொல்ல முடியாத சம்பளம்.

2. சம்பளத்துக்கு மட்டும் மாதம் 20,000. ஒரு பிள்ளைக்கு 800 ரூபாய். சாப்பாடு, வாடகை, மின்சாரம், பொம்மை எதுவும் இதில் சேரவில்லை.

3. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் 1,600 ரூபாய். 2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கூலியில் ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்பு மையத்துக்கே போய்விடும்.

4. கட்டணத்தைக் குறைக்க வேண்டுமானால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். 25 என்பது 50 ஆனால் ஆசிரியர் பாடம் நடத்துவதை விட்டுவிட்டுக் கூட்டத்தைச் சமாளிக்கத் தொடங்கிவிடுவார். நகரத்துக்கு வெளியே மலிவான தனியார் எல்கேஜிகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து எழுதவைப்பது அவர்களுக்குக் கல்வியாக இருக்கிறதோ இல்லையோ, ஒரே ஆள் நாற்பது பேரை அமைதியாக வைத்திருக்க அதுதான் சுலபமான வழி.

ஆக, கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கான மையம் நன்கொடையில்தான் நடக்க வேண்டும், அல்லது அரசுப் பணத்தில். 1953ல் உருவான மத்திய சமூகநல வாரியம் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் கொடுத்துப் பால்வாடிகளை நடத்தவைத்தது. இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. 2013ன் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருவாயோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். தொடர் திட்டம் என்றாலும், தொடங்கும் ஆண்டைத் தவிர்த்து அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான்.

இந்த மூன்றாண்டு எல்லையில்தான் பிரச்சினை இருக்கிறது. ஊரிலிருந்தே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, பிள்ளைகளின் அழுகை, பிடிவாதம், பேச்சு எல்லாம் அவருக்குப் பழகி, பெற்றோருக்கு அவர் மேல் நம்பிக்கை வருவதற்கே இரண்டு ஆண்டுகளாவது ஆகும். அவர் நன்றாகச் செய்ய ஆரம்பிக்கும்போது நிதி முடிகிறது. கட்டடம் நிற்கும், பெயர்ப்பலகை நிற்கும், ஆள் போய்விடுவார். அதனால்தான் தொண்டு நிறுவனங்களால் வழி காட்ட முடிகிறது, ஆனால் நாடு முழுக்க நடத்த முடிவதில்லை. அது அரசால்தான் முடியும்.

## அரசு கையில் எடுத்தபோது

சிறுவர் கல்வி பற்றி ஆராய மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த குழு 1972ல் அறிக்கை கொடுத்தது. 1974ல் குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை வந்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. மையங்களுக்கு வைத்த பெயர் அங்கன்வாடி. இன்று நாட்டில் சுமார் 14 லட்சம் மையங்கள். தமிழ்நாட்டில் குறு மையங்களையும் சேர்த்து 54,439.

ஒரு மையத்தின் மேல் ஆறு வேலைகள் வைக்கப்பட்டன: கூடுதல் ஊட்டச்சத்து, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கு உணவு மற்றும் உடல்நலம் பற்றிய கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு அனுப்புதல். இந்த ஆறுக்கும் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். பட்டியலில் கல்வி ஆறில் ஒன்றாகிவிட்டது.

இதைக் குறையாக மட்டும் பார்க்க முடியாது. அன்றைய இந்தியாவில் பிள்ளைகள் பசியில் இருந்தார்கள். வயிறு காய்ந்த பிள்ளைக்கு எந்தப் பாட்டும் ஏறாது. தமிழ்நாட்டில் 1980ல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மாதாமாதம் எடை போட்டு, எடை குறையும் பிள்ளையைக் கண்டுபிடித்துச் சத்துணவு கொடுத்தார்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். இதனால் பிழைத்த, தேறிய பிள்ளைகள் ஏராளம். ஆனால் இதன் இன்னொரு விளைவு, ஊர்க்காரர் மனதில் மையம் ‘சோறு போடும் இடம்’ என்று பதிந்துபோனது. பிள்ளை சாப்பிட அங்கே, படிக்க எல்கேஜிக்கு.

அப்புறம் பதிவேடுகள். எடை, உயரம், தடுப்பூசி, கர்ப்பிணிகள் பட்டியல், சத்துமாவு இருப்பு எல்லாம் எழுத வேண்டும். இப்போது அதே விவரங்களைக் கைபேசிச் செயலியிலும் ஏற்ற வேண்டும். நடுவில் தேர்தல் வேலை. 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு பணியாளருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன. ஊதியம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல, தொண்டு செய்பவர்கள் என்பது அரசின் நிலை. போர்டியில் இரண்டு பெண்கள் மனமுவந்து செய்த தொண்டு, அரசுக் கணக்கில் லட்சக்கணக்கான பெண்களின் மலிவான உழைப்பாக மாறியது. பெயரோடு சேர்ந்து இதுவும் வந்துவிட்டது வருத்தமானது.

## சட்டம் என்ன சொல்கிறது

1. 2002ல் வந்த 86ஆவது அரசியல் சாசனத் திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 6 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அரசு ‘முயல வேண்டும்’ என்று மட்டும் சொன்னது. ஆகவே முன்பருவக் கல்வி இன்னும் உரிமை இல்லை.

2. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004ல் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் விரைவில் அங்கன்வாடி வர வேண்டும் என்றும், 2006ல் திட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் போக வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

3. 2013ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கன்வாடி உணவைச் சட்ட உரிமையாக்கியது. சட்டம் வந்தபோது 3 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நிர்ணயித்த அளவு நாளுக்கு 500 கிலோ கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம்.

4. 2020ன் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையான காலத்தை ஒரே அடிப்படைக் கட்டமாகப் பார்க்கிறது. பள்ளி வளாகத்துக்கு மாற்றும் பேச்சு இங்கிருந்துதான் வலுப்பெற்றது. இந்தக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு 5 வயது என்பதே தொடர்கிறது.

5. 2022 ஏப்ரலில், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மையத்தில் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு நடப்பது கல்விப் பணியே என்றும் அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்டிருக்கிறது.

சட்டத்தின் இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று தெரியும். சாப்பாடு உரிமை, பாடம் முயற்சி. அதிகாரி ஆய்வுக்கு வரும்போது அரிசி இருப்பைப் பார்ப்பார், எடைப் பதிவைப் பார்ப்பார். பிள்ளைகளோடு எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்று கேட்க அவரிடம் கட்டம் இல்லை.

## ஒரு ஆள் கூடினால் என்ன ஆகும்

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சோதனை நடந்திருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாண்ட்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் மாநில அரசோடு சேர்ந்து 320 மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே பகுதிநேரமாக ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டார்கள். மீதி மையங்கள் பழையபடி. வேறு எதுவும் மாறவில்லை. புதிய கட்டடம் இல்லை, புதிய பொம்மைகள் இல்லை.

ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, ஆள் கூடிய மையங்களில் பிள்ளைகளுக்குக் கிடைத்த கல்வி நேரம் இரட்டிப்பாகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னே இருந்தார்கள். யாரும் எதிர்பார்க்காத இன்னொரு விளைவும் வந்தது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளின் விகிதமும், கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. பாடம் நடத்தும் வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டதால், பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்தது. செலவைவிடப் பல மடங்கு பலன் கிடைக்கும் என்று கணக்கிட்ட அந்த ஆய்வு 2024ல் வெளியானது.

அங்கன்வாடியில் பாடம் நடக்கவில்லை என்றால் பணியாளருக்கு ஆர்வம் இல்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். இந்தச் சோதனையில் ஆர்வத்தை யாரும் மாற்றவில்லை. கைகளின் எண்ணிக்கையைத்தான் மாற்றினார்கள். 1945ல் போர்டியில் இருந்ததும் அதுதான். பிள்ளைகளோடு உட்கார்வதைத் தவிர வேறு வேலை இல்லாத ஒரு பெரியவர்.

## பள்ளி வளாகத்துக்கு மாறினால்

இப்போது 2025ன் செய்திக்கு வரலாம். மாற்றத்தால் கிடைப்பவை உண்மையானவை. பள்ளியில் கழிப்பறை, தண்ணீர், சுற்றுச்சுவர் இருக்கும். ஒன்றாம் வகுப்பு பக்கத்து அறை என்பதால் பிள்ளைக்குப் பயம் போகும். அக்காவும் தம்பியும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக வரலாம். ஒழுகும் வாடகைக் கட்டடத்தில் நடக்கும் மையத்துக்கு இது பெரிய விடுதலை.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 2019ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. அங்கே சிக்கியது இடத்தில் அல்ல, ஆளில். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைக் கீழே அனுப்பியதற்கு எதிர்ப்பு வந்தது. 2022ல் வகுப்புகள் நடக்குமா நடக்காதா என்றே குழப்பமாகி, பிறகு தற்காலிகச் சிறப்பாசிரியர்களை வைத்துத் தொடர்ந்தார்கள்.

கோஸ்பாடின் விட்டுப்போன மறுபாதி என்று சொன்னேனே, அது இங்கே வருகிறது. விகாஸ்வாடியில் பால்வாடியும் பள்ளியும் சேர்ந்திருந்தன என்பது உண்மை. அதோடு தொட்டிலும் இருந்தது, முற்றத்து வகுப்பும் மேய்ச்சல் நில வகுப்பும் தொடர்ந்தன. வளாகத்துக்கு வர முடிந்த பிள்ளைக்கு வளாகம், வர முடியாத பிள்ளைக்கு முற்றம். வளாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டால் போர்டியின் முதல் நாளுக்கே திரும்புவோம். நல்ல கட்டடம், நல்ல ஆசிரியர், வராத பிள்ளைகள்.

உங்கள் ஊரில் மையத்தை மாற்றும் பேச்சு வந்தால், அல்லது ஒரு அறக்கட்டளை புதிதாக மையம் திறந்தால், கேட்க வேண்டியவை இவை:

1. ஊரின் கடைசி வீட்டிலிருந்து, காலனியிலிருந்து, 3 வயதுப் பிள்ளையின் காலுக்கு எவ்வளவு நேரம்? நடுவில் தார்ச்சாலை, வாய்க்கால், ஏரிக்கரை ஏதும் உண்டா? காலையில் யார் கூட்டிவருவார்கள்?

2. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதை மட்டும் செய்யும் ஆள் உண்டா, அல்லது சமையலும் பதிவேடும் பார்க்கிறவரே அதையும் செய்ய வேண்டுமா?

3. 3 வயதுக்குக் கீழ் உள்ள தம்பி தங்கைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? மையம் எத்தனை மணிக்கு முடிகிறது, அம்மா எத்தனை மணிக்குத் திரும்புகிறாள்?

4. வீட்டில் இருளர் மொழியோ தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளைக்கு, அதன் மொழியில் இரண்டு சொல்லாவது பேசும் ஆள் அங்கே இருக்கிறாரா?

5. தொண்டு மையம் என்றால், நிதி எத்தனை ஆண்டுக்கு? முடிந்த பிறகு அந்த ஆசிரியரின் சம்பளம் எங்கிருந்து வரும்?

மாற்றிய பிறகும் ஒரு கேள்வி உண்டு. அதற்குப் பதில் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. மாற்றத்துக்கு முந்தைய மூன்று மாத வருகையையும், பிந்தைய மூன்று மாத வருகையையும் தெருவாரியாகப் பிரித்துக் கிராம சபையில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். மொத்த எண்ணிக்கை கூடியிருக்கலாம், பள்ளிக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சேர்ந்திருப்பார்கள். காலனியிலிருந்து வந்துகொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்பதைத் தெருவாரியாகப் பிரித்தால்தான் பார்க்க முடியும்.